போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தை மீட்டெடுப்பதும் பராமரிப்பதும்: லங்காஸ்டரை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மீட்புப் பணியைத் தொடங்குமுன், அது இனிப் பறக்கப் போகிறதா, ஓடுபாதையில் மட்டும் ஓடப் போகிறதா, அருங்காட்சியகத்தில் நிற்கப் போகிறதா என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். நிற்கப் போகும் விமானத்தில் ஓரம் அரித்த பழைய தகடு ஒன்று இருந்தால், அரிப்பைத் தடுத்து நிறுத்திவிட்டு அதை அப்படியே விட்டுவைப்பதே சரி. போர்க்காலத் தொழிலாளர் அடித்த ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) வரிசைதான் அங்கே பாதுகாக்க வேண்டிய பொருள். பறக்கப் போகும் விமானத்தில் அதே தகட்டைக் கழற்றிப் புதியது போட்டாக வேண்டும். ஓட மட்டுமே போகிறது என்று தொடங்கும் குழுக்களும், என்றாவது பறக்கவிடும் ஆசை இருந்தால், முதல் ரிவெட்டிலிருந்தே பறக்கும் தரத்தில் வேலை செய்வது நல்லது. தரம் குறைவாகச் செய்த பழுதை மீண்டும் பிரித்துச் செய்வதற்கு இரட்டைச் செலவாகும்.

இந்த வழிகாட்டிக்கு அவ்ரோ லங்காஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய, ராய் சாட்விக் வடிவமைத்த இந்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் 1941 ஜனவரி 9 அன்று முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 7,377 கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டுதான்: பிரிட்டிஷ் விமானப்படையின் பிஏ474, கனடாவின் ஹாமில்டனில் உள்ள எஃப்எம்213. இவற்றுக்கு அடுத்தபடியாக, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஈஸ்ட் கிர்க்பி என்னும் போர்க்கால விமானத் தளத்தில் 'ஜஸ்ட் ஜேன்' எனப்படும் என்எக்ஸ்611 இருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகர் மீதான விமானத் தாக்குதலில் இறந்த தங்கள் அண்ணனின் நினைவாக ஃபிரெட், ஹெரால்டு பான்டன் சகோதரர்கள் வாங்கிய விமானம் அது. அங்கே கோடையில் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, குளிர்காலத்தில் ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள் போகிறது, ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில பகுதிகள் பிரிக்கப்பட்டுப் பறக்கும் தரத்துக்குச் சீரமைக்கப்படுகின்றன. வருமானமும் வேலையும் ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாடு, பெரிய நன்கொடையாளர் இல்லாத எந்தக் குழுவுக்கும் நல்ல முன்மாதிரி என்பது என் கருத்து.

எங்கிருந்து தொடங்குவது

எல்லோருக்கும் எஞ்சினில் தொடங்கத்தான் ஆசை. சத்தம் கேட்டால்தான் உயிர் வந்ததாகத் தோன்றும். ஆனால் விமானத்தின் ஆயுளை நிர்ணயிப்பது இறக்கையின் ஸ்பார், அதாவது இறக்கையின் நீளவாக்கில் ஓடி முழுச் சுமையையும் தாங்கும் உத்தரம். எஞ்சின் கெட்டால் மாற்று எஞ்சினை ஏற்றலாம். ஸ்பார் கெட்டால் விமானத்தையே பிரித்தாக வேண்டும். பிஏ474இன் முதன்மை ஸ்பார் 1995-96 குளிர்காலத்தில் மாற்றப்பட்டது. அது செய்யப்பட்டதால்தான் அந்த விமானம் இன்றும் பறக்கிறது. ஆகவே முதல் பணம் ஸ்பாரைச் சோதிக்கவே செலவாகட்டும்: எடி கரண்ட் சோதனை (மின்காந்தத்தால் விரிசலைத் தேடுவது), எக்ஸ்ரே, எஃகுப் பொருத்திகளுக்குக் காந்தத் துகள் சோதனை. இறக்கையை உடலோடு இணைக்கும் முனைப் பொருத்திகளையும் போல்ட் துளைகளின் உட்சுவரையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் விரிசல் பெரும்பாலும் துளையின் ஓரத்தில்தான் பிறக்கும்.

இந்தச் சோதனைகளுக்கும் முன்பு ஆபத்தான பொருள்களை அகற்ற வேண்டும். துப்பாக்கி மேடைகளிலும் தரைப்பலகைகளின் அடியிலும் தோட்டாக்கள் கிடக்கக்கூடும். அவற்றைத் தொடாமல் வெடிபொருள் வல்லுநரை அழைக்க வேண்டும். போர்க்கால அளவிகளின் முகப்பில் இருளில் ஒளிர்வதற்காகப் பூசப்பட்ட ரேடியம் பூச்சு ஒளிர்வதை எப்போதோ நிறுத்தியிருக்கும். கதிர்வீச்சு மட்டும் குறைந்திருக்காது, ரேடியம்-226இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அளவியின் கண்ணாடியைத் திறந்து தூசியை ஊதும் வேலையை யாரும் செய்யக் கூடாது. பழைய கேஸ்கெட்டுகளிலும் வெப்பக் காப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய பச்சை-மஞ்சள் பிரைமரில் உள்ள குரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. எனவே முகமூடியின்றி அதை உரசித் தேய்க்கக் கூடாது.

தகடும் அரிப்பும்

லங்காஸ்டரின் உடல் தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்டுப் பின்னர் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு இடையே லாரியில் ஏற்றிச் செல்ல வசதியாகச் செய்த இந்த ஏற்பாடு, இன்று மீட்பவருக்குப் பெரிய வரம்: வால்பகுதியை மட்டும் பிரித்து, தாங்குசட்டத்தில் பொருத்தி, அதன் வேலையை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். தாங்குசட்டம் இல்லாமல் தகடுகளைக் கழற்றக் கூடாது. தகடே சுமை தாங்கும் உறுப்பு என்பதால், அதை எடுத்தவுடன் உடல் மெல்ல முறுக்கிக்கொள்ளும், புதிய தகட்டின் துளைகள் பிறகு எங்கும் பொருந்தாது.

அலுமினிய அரிப்பு இரும்புத் துருவைப் போலக் கண்ணில் படாது. பெயின்ட் லேசாக உப்பியிருக்கும், விரலால் அழுத்தினால் வெள்ளைப் பொடி உதிரும், அவ்வளவுதான். அச்சில் அழுத்திப் பிதுக்கிச் செய்த கனமான உறுப்புகளில் உலோகம் பரோட்டாவைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்து எழுந்திருக்கும். அந்த நிலைக்கு வந்த உறுப்பைச் சுரண்டிச் சரிசெய்ய முயல்வது வீண், மாற்றியே ஆக வேண்டும். எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்கள், தரைப்பலகையின் அடிப்பகுதி, கழிவறையைச் சுற்றிய இடம், எலி கூடு கட்டிய மூலை ஆகியவற்றை முதலில் பாருங்கள். எலியின் சிறுநீர் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

பெயின்டை அகற்றும்போது எஃகுக் கம்பித் தூரிகையோ எஃகு நாரோ பயன்படுத்தக் கூடாது. எஃகுத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். தகட்டில் அளவு குறிக்கச் சாதாரணப் பென்சிலையும் தொடக் கூடாது, கிராஃபைட்டும் அதே கேட்டைச் செய்யும். பட்டறைக்கு வரும் தன்னார்வலர்களின் சட்டைப் பையிலிருந்து பென்சிலை வாங்கி வைத்துவிட்டு மார்க்கர் பேனாவைக் கொடுப்பது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பென்சில் கோட்டின் வழியே தகடு அரித்துப்போவதை ஒருமுறை பார்த்தவர் சிரிக்கமாட்டார்.

ரிவெட்டை எடுப்பது பொறுமையான வேலை. தலையின் நடுவில் புள்ளி வைத்து, ரிவெட்டின் தண்டு அளவுக்கே உள்ள துளையூசியால் தலையின் ஆழம் வரை மட்டும் துளைத்து, தலையை நெம்பி உடைத்து, பின்பக்கம் முட்டுக்கொடுத்து, தண்டை மெல்லத் தட்டி வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு முழுவதும் துளைத்தால் துளை கோணலாகி, அடுத்த பெரிய அளவு ரிவெட்டுக்குப் போக வேண்டிவரும். இரண்டு மூன்று முறை இப்படிப் பெரிதாக்கினால் ஓரத்தில் உலோகமே மிஞ்சாது. துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளியாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி.

அக்கால டியூராலுமின் (ஓர் அலுமினியக் கலப்புலோகம்) ரிவெட்டுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. அவற்றைச் சுமார் 495 டிகிரி செல்சியஸில் சூடாக்கி நீரில் அமிழ்த்தியதும் மென்மையாகிவிடும். அதன் பின் தானாகவே கடினமாகத் தொடங்கும் என்பதால் சுமார் 2 மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், இல்லையேல் குளிர்பெட்டியில் வைத்து அந்த இறுகலைத் தள்ளிப்போட வேண்டும். இதனால் பட்டறையில் எப்போதும் ஒரு குளிர்பெட்டி இருக்கும், அதில் சாப்பாட்டுக்கு இடமிருக்காது. நேரம் தப்பிய ரிவெட்டை அடித்தால் தலை விரிசல் விடும். புதிய தகடு போகும் ஒவ்வொரு இணைப்பிலும் பிரைமர் பூசி, இணைப்புக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் ஜாயின்டிங் காம்பவுண்டை ஈரமாகவே பூசிப் பொருத்த வேண்டும். எஃகு போல்ட்டுகளுக்கு இது கட்டாயம்.

எஞ்சின்

லங்காஸ்டரில் பெரும்பாலானவற்றுக்கு ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்: 12 சிலிண்டர், 27 லிட்டர், திரவக் குளிரூட்டல். முழுச் சீரமைப்பை இதற்கென்றே இயங்கும் பட்டறையிடம் கொடுத்துவிட வேண்டும். ஹேங்கரில் நாம் செய்ய வேண்டியது எஞ்சினை நன்றாக வைத்திருப்பது: நீண்ட நாள் நின்ற எஞ்சினை இயக்குமுன் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றித் தாங்கிகளை நனைக்க வேண்டும், குளிர்ந்த எஞ்சினின் வேகத்தைக் கூட்டக் கூடாது, இயக்கினால் முழுச் சூடு வரும்வரை இயக்க வேண்டும். சும்மா ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பது எண்ணெயில் ஈரத்தைச் சேர்க்குமே தவிர நன்மை செய்யாது. மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பாதுகாப்பு எண்ணெய் செலுத்தி, ஸ்பார்க் பிளக்குகளின் இடத்தில் ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களைப் பொருத்த வேண்டும்.

அமெரிக்காவின் பி-17 போன்ற குண்டுவீச்சு விமானங்களின், சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சின்களில் வேறொரு ஆபத்து உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் கசிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும். அந்நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். ஆகையால் சுவிட்ச் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, புரொப்பல்லரைக் கையால் சுழலும் திசையிலேயே சுழற்றிப் பார்க்க வேண்டும். தடுத்தால் பின்னோக்கித் திருப்பக் கூடாது, எண்ணெய் உட்கொள் குழாய்க்குள் ஒளிந்துகொள்ளும். கீழ் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடித்துவிட வேண்டும்.

மெர்லின் ஒன்றுக்கு 24 ஸ்பார்க் பிளக்குகள், நான்குக்கும் 96. இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளி அளப்பது சலிப்பூட்டும் வேலை, அதனாலேயே தள்ளிப்போடப்படும் வேலை. 2019 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 'நைன் ஓ நைன்' என்னும் பி-17 விபத்துக்குள்ளாகி 7 பேர் இறந்தனர். விசாரணையில் நான்காம் எஞ்சினின் மேக்னெட்டோக்கள் (பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவிகள்) பழுதாக இருந்ததும், மூன்றாம் எஞ்சினின் பிளக் இடைவெளிகள் வரம்பை மீறியிருந்ததும் தெரியவந்தன. இரண்டும் மேசையில் வைத்து எளிய கருவிகளால் கண்டுபிடிக்கக்கூடிய குறைகள். ரன்-அப்பின்போது, அதாவது தரையில் எஞ்சினை இயக்கிச் சோதிக்கும்போது, ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்த்து, சுழல்வேகம் எவ்வளவு இறங்குகிறது என்பதை எழுதிவைக்க வேண்டும். ஒருநாள் அளவு வரம்புக்குள் இருந்தாலும், வாரத்துக்கு வாரம் அது கூடிக்கொண்டே வந்தால் மேக்னெட்டோவைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெய் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் கியர், கேம் போன்ற எஃகு உறுப்புகளிலிருந்தும், ஒட்டாத பளபளப்பான துகள் தாங்கியிலிருந்தோ பிஸ்டனிலிருந்தோ வந்திருக்கலாம். எரிபொருள் குழாய்களின் ரப்பர் பகுதிகளுக்குத் தோற்றத்தைப் பாராமல் வயதைப் பார்த்து மாற்றும் ஒழுங்கு வேண்டும்.

நிற்கும் நாட்கள்

வெறும் விமானமே சுமார் 16.7 டன் எடை என்பதால், நெடுநாள் நிறுத்தும்போது ஜாக்கில் ஏற்றி டயரின் சுமையைக் குறைக்க வேண்டும். முடியாவிட்டால் சக்கரத்தை அவ்வப்போது கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும். உடலின் அடிவயிற்றில் உள்ள சிறு வடிகால் துளைகளை மாதந்தோறும் கம்பியால் குத்திப் பாருங்கள். குளவிக்கூடும் தூசியும் அடைத்த ஒரே ஒரு துளை, ஒரு மழைக்காலத்தில் முழுச் சட்டத்தையும் அரித்துவிடப் போதும். ஹேங்கரின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் கண்ணாடிகளை முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, பிறகு மென்மையான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவம் பட்டால் நுண்விரிசல் விழும்.

இந்தியாவிலும் இப்படி ஒரு மீட்பு நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் கான்பூரில் பிரிட்டிஷார் பயன்படாதபடி சிதைத்துவிட்டுச் சென்ற பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் 40 விமானங்களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூருக்குப் பறக்கவைத்துக் கொண்டுவந்து சீரமைத்தது. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பயன்படுத்தியது. உலக அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் பல இந்தியாவிலிருந்து சென்றவை.

கடைசியாகப் பதிவேடு. கழற்றிய ஒவ்வொரு உறுப்புக்கும் ஒட்டுச்சீட்டு, எடுத்த இடத்தின் புகைப்படம், செய்த வேலை, செய்தவர் கையெழுத்து, அதைச் சோதித்த வேறொருவரின் கையெழுத்து ஆகியவை வேண்டும். பறக்கும் அனுமதிக்கு எந்த நாட்டின் விமானப் போக்குவரத்து அமைப்பும் முதலில் கேட்பது இதைத்தான். ஆதாரம் இல்லாத நல்ல உறுப்பைவிட, ஆதாரத்தோடு வந்த சுமாரான உறுப்பையே அவர்களால் ஏற்க முடியும். வேலை முடிந்த பகுதியை மூடுவதற்கு முன் கருவிகளை மாட்டிவைக்கும் பலகையைப் பாருங்கள்: ஒரு ஸ்பேனரின் இடம் காலியாக இருந்தால், அது கிடைக்கும்வரை தகட்டை மூடக் கூடாது.