நம்ம ஏரியாவில் ஸ்கேட்போர்டு போட்டி நடத்த

முதலில் தரை. தார்ச்சாலை வேண்டாம், ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கும். பூப்பந்து ஆடும் சிமெண்ட் தளம் கிடைத்தால் போதும். எங்கள் ஆனையூர்ப் பையன்களிடம் நான் சொல்வது: காலை ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள். பத்துக்கு மேல் மதுரை வெயிலில் தரையில் கை வைக்க முடியாது; விழுகிறவன் கையைத்தானே முதலில் ஊன்றுவான்! ஆரம்பிக்கும் முன்னால் தரையை நன்றாகப் பெருக்கிவிடுங்கள். பொடிக்கல் ஒன்று மாட்டினாலே சக்கரம் நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பான்.

போட்டி முறைக்கு, ஒலிம்பிக் ஸ்ட்ரீட் பிரிவைப் போல (தெருவில் இருக்கிற மாதிரிப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி மேல் ஓட்டுவது) ஆளுக்கு 45 வினாடி ஓட்டம் இரண்டு, அப்புறம் தனித்தனியாகச் செய்துகாட்டும் ட்ரிக், அதாவது வித்தை, ஐந்து. பாரிஸ் 2024-இல் சிறந்த ஓட்டம் ஒன்றும் சிறந்த ட்ரிக் இரண்டும்தான் கணக்கில் வந்தன. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் இல்லையென்றால், சொந்தத் தம்பியானாலும் களத்தில் விடாதீர்கள்.

கோப்பைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஸ்கேட்போர்டு சக்கரத்துக்குள் போடும் 608 பேரிங் ஒரு செட் கொடுங்கள், எட்டு இருக்கும்.