உயிரி எரிபொருளில் கார் ஓட்டப் போகிறோமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

உயிரி எரிபொருள் கார் என்றதும் பேச்சு எஞ்சினைச் சுற்றியே போகிறது. எஞ்சின் எப்போதோ தயார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. 1979-ல் பிரேசிலில் ஃபியட் 147, கரும்பிலிருந்து வடிக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலில் மட்டுமே ஓடும் காராகவே விற்பனைக்கு வந்தது. சறுக்கியதெல்லாம் வயலிலும் பெட்ரோல் பங்கிலும்தான்.

செடி பட்டுப்போகாமல் நின்றாலே விளைச்சல் வந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. விதையில் எண்ணெய் இருக்கும் காட்டாமணக்கின் கதை இதுதான். 2011-12க்குள் டீசலில், அந்த எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலை 20 சதவீதம் கலக்கலாம் என்று 2003-ல் இந்தியத் திட்டக் குழு அமைத்த குழு கணக்குப் போட்டது. தண்ணீர் வேண்டாம், தரிசில் வளரும், ஆடு மாடு கடிக்காது என்று சொல்லித் தமிழ்நாட்டிலும் நடவைத்தார்கள். சொன்னதில் பொய்யில்லை, தண்ணீர் இல்லாமலும் செடி நிற்கும். ஆனால் சரியாகக் காய்க்காது. பாசனமும் உரமும் கொடுத்தால் காய்க்கும். அதைக் கொடுக்க முடிந்த விவசாயி நிலக்கடலையோ மக்காச்சோளமோ போட்டுக்கொள்வாரே! காய்களும் ஒரே நேரத்தில் முற்றாது, அதனால் திரும்பத் திரும்பப் பறிக்க ஆள்கூலி. பிண்ணாக்கில் நஞ்சு இருப்பதால் மாட்டுக்கும் வைக்க முடியாது. பலர் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். பதிவேட்டில் தரிசு என்றிருக்கும் நிலத்தில் யாரோ ஆடு மேய்க்கிறார்கள், யாரோ சீமைக்கருவேலத்தை விறகுக்கு வெட்டுகிறார்கள் என்பதையும் அந்தத் திட்டம் கண்டுகொள்ளவில்லை. இனி எந்தப் பயிரைச் சொன்னாலும், ஏக்கருக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீரில் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுவது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பெட்ரோலில் எத்தனாலை 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறையும். எத்தனாலின் ஆக்டேன், அதாவது எஞ்சினுக்குள் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றாமல் தாங்கும் திறன், அதிகம் என்பதால், அதற்கென்றே அமைத்த எஞ்சின் இதில் கொஞ்சம் ஈடுகட்டும். பழைய வண்டி ஈடுகட்டாது. மைலேஜ் குறையும் என்பதை மறைத்து விற்றால் மக்கள் நம்பிக்கை போய்விடும். பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எத்தனால் லாபம் என்பது பிரேசிலில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கணக்கு.

அந்தக் கணக்குப் போடும் சுதந்திரமும் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. 1975-ல் தொடங்கிய அரசின் எத்தனால் திட்டத்தால் 1980களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எத்தனாலில் மட்டுமே ஓடுபவை. 1989-ல் தட்டுப்பாடு வந்தது. பங்கில் எத்தனால் இல்லை, வேறு எதையும் ஊற்றவும் முடியாது! அதன்பின் எத்தனால் காரை வாங்க ஆளில்லை. 2003-ல் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் கார் வந்த பிறகுதான் மீண்டும் சூடுபிடித்தது. ஒரே எரிபொருளில் மக்களைக் கட்டிப்போடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பயிரிலிருந்து வந்தாலே சுத்தம் என்று நினைப்பதும் தவறு. பிரேசில் ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்தே ஆலையை ஓட்டுகின்றன. நிலக்கரியை எரித்து வடித்தால் அந்த ஆதாயம் கரைந்துவிடும். அப்புறம் உணவு. இந்தியாவில் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போகத் தொடங்கியதும் தீவன விலை ஏறி நாமக்கல் கோழிப்பண்ணைகள் தவித்தன. 2024-ல் மக்காச்சோளத்தை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. ஹரியானாவின் பானிபட்டில் 2022-ல் திறந்த ஆலைபோல நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுப்பது செலவு கூடிய வழிதான், ஆனாலும் காசைப் போட வேண்டிய இடம் அதுவே.

கடைசியாக, வண்டி வைத்திருப்பவர்களுக்கு. வடைச்சட்டியில் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி அப்படியே டீசல் டேங்கில் ஊற்றாதீர்கள். அது கெட்டியானது, இன்ஜெக்டரில் கரி பிடிக்கும். மெத்தனாலுடன் வினைபுரியவைத்து கிளிசரினைப் பிரித்தெடுத்தால்தான் அது பயோடீசல். பயோடீசலுக்கு மாறியதும் டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கு கரைந்து ஃபில்டரை அடைக்கும். வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். அதனால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியைப் பாதி டேங்கோடு விடாதீர்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்றால், ரப்பர் குழாய்களும் சீல்களும் இ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தாங்குமா என்று கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.