‘இங்’ என்று முடியும் ஆங்கில வினைக்கு முன்னால் ‘ஹி’யா, ‘ஹிஸ்’ஸா?

தமிழில் “அவன் தாமதமாக வந்தது எனக்கு வருத்தம்” என்போம். ‘வந்தது’ இங்கே பெயராகத்தான் நிற்கிறது, ஆனாலும் அதற்கு முன்னால் ‘அவன்’ அப்படியே வரும், ‘அவனுடைய’ ஆகாது. அதே அச்சில் ஆங்கிலத்தை வார்த்தால் “ஹி கமிங் லேட் அப்செட் மீ” என்று வந்து விழும். இது தவறு. “ஹிஸ் கமிங் லேட் அப்செட் மீ” என்றுதான் எழுத வேண்டும். ‘கமிங்’ இங்கே ஜெரண்ட், அதாவது பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்யும் வினை. ‘ஹிஸ் புக்’ எப்படியோ, அப்படித்தான் ‘ஹிஸ் கமிங்’.

வாக்கியத்தின் நடுவில் வந்தால் விஷயம் கொஞ்சம் இளகும். “ஐ அப்ரிஷியேட் யுவர் ஹெல்பிங் அஸ்” என்பது கறாரான வடிவம். பேச்சில் ‘யு ஹெல்பிங்’ என்பதும் தாராளமாகப் புழங்குகிறது. ஆங்கில நடை பற்றி எழுதிய ஃபௌலர் 1906-லேயே இந்த வழக்கைக் கண்டித்தார். டென்மார்க் அறிஞர் யெஸ்பர்சன் பிறகு அவரை மறுத்து, இது இயல்பான ஆங்கிலம்தான் என்று வாதாடினார். என்னைக் கேட்டால், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘யுவர்’ போடுங்கள், பேச்சில் யாரையும் திருத்தப் போகாதீர்கள்.

‘ஹிஸ்’, ‘யுவர்’ போன்ற உடைமைச் சொல்லை விட்டால் பொருளே மாறிவிடும் இடமும் உண்டு. “டு யு மைண்ட் ஓபனிங் த விண்டோ?” என்றால் ஜன்னலை நீங்கள் திறக்க வேண்டும் என்று கேட்கிறேன். “டு யு மைண்ட் மை ஓபனிங் த விண்டோ?” என்றால் நான் திறக்க அனுமதி கேட்கிறேன். ஒரு ‘மை’ விடுபட்டால் வேலை எதிராளி தலையில் விழுந்துவிடும்.

விதியைக் கற்றதும் எல்லா இடத்திலும் அதைப் பொருத்துவது அடுத்த தவறு. ‘சீ’, ‘ஹியர்’, ‘வாட்ச்’ போன்ற வினைகளுக்குப் பின் “ஐ சா ஹிம் ரன்னிங்” என்பதே சரி. நான் பார்த்தது அவனை. ‘ரன்னிங்’ அப்போது அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மட்டும் சொல்கிறது. அங்கே ‘ஹிஸ்’ வேண்டாம்.

‘இட்ஸ் ரெய்னிங்’ என்பது ‘ஹிஸ் கமிங்’ போலவே ஒலிக்கும், அதிலும் கவனம் தேவை. “மழை பெய்கிறது” என்றால் அபாஸ்ட்ரஃபி வேண்டும், அது ‘இட் இஸ்’ஸின் சுருக்கம். உடைமைப் பொருளில் வரும் ‘இட்ஸ்’ஸுக்கு அபாஸ்ட்ரஃபி கிடையாது.

இங் வினைக்கு முன்னால் வரும் பெயர் நீண்டு, “கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்” என்கிற மாதிரி இருந்தால், அதன் வாலில் உடைமை காட்டும் அபாஸ்ட்ரஃபியும் ‘எஸ்’ஸும் ஒட்டப் பாடுபடாதீர்கள். ‘தட்’ போட்டு வாக்கியத்தை மாற்றி எழுதினால் போதும்.