யூஎக்ஸ் பழக ஒரு கொப்பி போதும்

யூஎக்ஸ் டிசைன் (செயலிகளைப் பயன்படுத்துவோருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைப்பது) பழக நல்ல லேப்டொப் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குக் கடைசி பஸ் எப்போது என்று காட்டும் செயலி ஒன்றை, திரைக்கு ஒரு கொப்பித்தாளாக வரையுங்கள். பொத்தான்கள் 9 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஆண்ட்ரொய்ட் வழிகாட்டி சொல்லும் 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு) ஏறக்குறைய அவ்வளவுதான். மழையில் நனைந்த விரலுக்கு இன்னும் பெரிதாக இருந்தால் நல்லது.

அப்புறம் பக்கத்து லயத்து அக்காவிடம் கொடுத்து, "கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் விரல் வைக்கும் இடத்துக்கேற்ப அடுத்த தாளை நீட்டுங்கள். விளக்கம் சொல்லவே கூடாது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம், முழுப் பயனும் அதில்தான். அவர் தயங்கும் இடத்தைக் குறித்து, அந்தத் தாளை மாற்றி வரையுங்கள். ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்த ஐந்து பேரில் வயதானவர் ஒருவராவது இருக்கட்டும்.