டர்போ வண்டி ஏத்தத்துல மிஸ் அடிக்குதா? சாமான் வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

ரம்பொடை ஏத்தத்துல மூணாவது கியர்ல போட்டு அழுத்துறீங்க, பூஸ்ட் (டர்போ காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுற அழுத்தம்) ஏறுது, ஏறின கையோட டப் டப்னு வெட்டி வெட்டி அடிச்சு வண்டி இழுக்க மாட்டேங்குது. இதத்தான் மிஸ்னு சொல்றோம், ஏதோ ஒரு சிலிண்டர்ல பெற்றோல் ஒழுங்கா எரியல. உடனே நம்ம பசங்க செய்றது என்னன்னா கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைகளுக்கு ஆள் அனுப்பி காயில் (பிளக்குக்கு கரண்ட் குடுக்குறது) எடுக்குறது, அது சரிவரலன்னா பிளக், அதுவும் சரிவரலன்னா பம்ப், அப்புறம் இன்ஜெக்டர், கடைசில பாத்தா வண்டிக்கு போட்ட காசுல பாதி போயிருக்கும் மிஸ் மட்டும் அப்படியே இருக்கும். மிஸ்ஸ தேடுறதுக்கு ஒரு வரிசை இருக்கு, எப்போ அடிக்குது, எந்த சிலிண்டர்ல அடிக்குது, இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம ஒரு சாமானும் வாங்காதீங்க.

ஒண்ணு மொதல்லயே சொல்லிர்றேன், மிஸ் அடிக்கிற வண்டிய அப்படியே மிதிச்சு ஓட்டாதீங்க. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவத்துல இருக்க ஒயில கழுவிடும், கேட்டலிஸ்ட் (சைலன்சர் பைப்ல புகைய சுத்தம் பண்ற பகுதி) இருக்க வண்டின்னா அங்க போய் எரிஞ்சு அதையே உருக்கிடும்.

எப்போ அடிக்குதுன்னு கவனமா பாருங்க. ஐட்ல்ல மட்டும் ஆடி, அழுத்தினா சரியாகுதுன்னா வெக்கும் லீக் (இன்டேக்ல எங்கயோ வெளிக்காத்து உள்ள இழுபடுறது) பக்கம் போங்க. ஐட்ல் சுத்தமா இருந்து பூஸ்ட்ல மட்டும் வெட்டுதுன்னா பிளக், காயில், பெற்றோல் பிரஷர். மழை பனியில மட்டும்னா கரண்ட் எங்கயோ வெளிய ஓடுது. இறக்கத்துல கால எடுத்தப்போ சைலன்சர்ல பொட்டு பொட்டுனு வெடிக்கிறத மட்டும் வச்சு மிஸ்னு முடிவு பண்ணாதீங்க, டியூன் பண்ணின வண்டில அது சாதாரணமா வரும். பூஸ்ட் எல்லை தாண்டினா வெட்டுற பூஸ்ட் கட்டும், ஆர்பிஎம் எல்லை தாண்டினா வெட்டுற ரெவ் லிமிட்டரும் மிஸ் மாதிரியேதான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே பூஸ்ட்ல இல்லன்னா ஒரே ஆர்பிஎம்ல டக்குனு வெட்டுதுன்னா ஈசியுவே (எஞ்சின் கம்ப்யூட்டர்) நிறுத்துதான்னு லொக்ல (பதிஞ்சு வச்ச டேட்டால) பாருங்க.

அடுத்தது எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கணும். ஓபிடி 2 (ஸ்கேனர் மாட்டி கோட் படிக்கிற வசதி) இருக்க வண்டின்னா பி0301லேர்ந்து பி0304 வரைக்கும் வர்ற கோட்ல கடைசி நம்பர்தான் சிலிண்டர், பி0300ன்னா ஒரு சிலிண்டர்னு சொல்ல முடியாம மாறி மாறி அடிக்குது. ஆனா ஈசியு இத கிராங்க் சுத்துற வேகம் ஏறி இறங்குறத வச்சுத்தான் கணக்கு போடுது, அதனால லைட் ஃப்ளைவீலும் பெரிய கேமும் போட்ட வண்டில எஞ்சின் நல்லா இருந்தாலும் இந்த கோட் வரலாம். கோட் எடுக்க முடியாத பழைய ஜப்பான் வண்டின்னா காலைல குளிர் எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துக்குள்ள எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட்ல ஒவ்வொரு பைப்புலயும் ஒரு சொட்டு தண்ணி விடுங்க. மூணு பைப்புல ஸ்ஸ்னு ஆவியாகும், ஒண்ணுல மட்டும் தண்ணி அப்படியே வழிஞ்சு ஓடும், அதுதான் உங்க ஆள். நுவரெலியா காலை குளிருக்கு இது ரொம்ப தெளிவா தெரியும்.

எஞ்சின் ஓடுறப்போ பிளக் வயர கழட்டி பாக்குற பழக்கத்த விட்டுருங்க, போக வழியில்லாத கரண்ட் காயில ஓட்ட போட்டுடும், கையிலயும் அடிக்கும். இன்ஜெக்டர் கனெக்டர ஒண்ணொண்ணா கழட்டுங்க, எத கழட்டினா சத்தத்துல மாத்தமே இல்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யல.

சிலிண்டர் தெரிஞ்சதும் காயில பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்க. மிஸ்ஸும் கூடவே போச்சுன்னா காயில். போகலன்னா பிளக்க மாத்தி பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர். ஒரு நேரத்துல ஒண்ணுதான், காயிலையும் பிளக்கையும் சேத்து மாத்தினா எது குத்தம்னு தெரியாது. மிட்சுபிஷி எவோவோட 4ஜி63 எஞ்சின்ல ரெண்டு காயில்தான், 1உம் 4உம் ஒண்ணுல, 2உம் 3உம் ஒண்ணுல, அதனால 1லயும் 4லயும் சேந்து அடிச்சா அந்த காயில சந்தேகப்படுங்க. டொயோட்டா க்ளான்சாவோட 4ஈ-எஃப்டிஈ எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயில் கரண்ட எல்லா பிளக்குக்கும் பிரிச்சு விடுறது), அதுல மூடியையும் ரோட்டரையும் கழட்டி உள்ள பச்சை பூத்திருக்கா, கீறல் இருக்கான்னு பாக்காம மேல போகாதீங்க.

பிளக்க கழட்டினா முனைய மட்டும் பாத்துட்டு வைக்காதீங்க, வெள்ளை பீங்கான் உடம்ப வெளிச்சத்துல மெதுவா சுத்தி பாருங்க. மேலேர்ந்து கீழ பென்சில்ல கோடு இழுத்த மாதிரி மெல்லிசா ஒரு கறுப்பு கோடு இருந்தா கரண்ட் முனைக்கு போகாம அந்த வழியா எஞ்சின் உடம்புக்கு ஓடுது. அந்த பிளக்கும் போச்சு, அதுக்கு மேல இருக்க ரப்பர் பூட்டும் போச்சு, ரெண்டையும் சேத்து மாத்துங்க, இல்லன்னா பழைய பூட்ல இருக்க கோடு புது பிளக்லயும் ஏறிடும். பிளக் முனை இடைவெளிய (கேப்) ஃபீலர் கேஜ் வச்சு அளங்க. கம்பனில 0.8லேர்ந்து 1.1 மில்லிமீட்டர் வரைக்கும் வரும், பூஸ்ட் கூட்டின எஞ்சினுக்கு 0.6, 0.7 கிட்ட கொண்டு வரணும், சிலிண்டருக்குள்ள காத்து அடர்த்தி கூடக் கூட தீப்பொறி தாண்டுறது கஷ்டம். இதனாலதான் நுவரெலியால சுத்தமா ஓடுற வண்டி கொழும்புக்கு இறங்கினதும் வெட்ட ஆரம்பிக்கும், கீழ காத்து அடர்த்தி, இங்க ஒளிஞ்சிருந்த பலவீனமான காயில் அங்க மாட்டிக்கும்.

நம்ம பக்கம் பனியும் மழையும் விடாது, அதோட வென்ட் வெட்டின போனட்டும் காயில் கவர் கழட்டின எஞ்சினும் சேந்தா பிளக் குழிக்குள்ள தண்ணி நிக்கும். காத்தடிச்சு காய வச்சுட்டு, ராத்திரி இருட்டுல எஞ்சின ஓடவிட்டு வயர் மேலயும் காயில் மேலயும் ஸ்ப்ரே போத்தல்ல லேசா தண்ணி தெளிங்க, லீக் இருக்க இடத்துல நீல நிறத்துல பொறி தாவும். கைய தூர வச்சுக்கோங்க, ஃபேன் பக்கம் சட்டை போகாம பாத்துக்கோங்க.

இப்போ டியூன் பண்றவங்களே சறுக்குற இடத்துக்கு வர்றேன். எக்ஸோஸ்ட்ல மாட்டுற வைட்பேண்ட் சென்சர் பாக்குறது ஒட்சிசன. மிஸ் அடிச்ச சிலிண்டர்ல பெற்றோல் எரியாம ஒட்சிசன் அப்படியே வெளிய வருது, அதனால மீட்டர் லீன்னு (காத்துக்கு பெற்றோல் பத்தலன்னு) காட்டும். அத நம்பி பெற்றோல கூட்டினா பிளக் நனைஞ்சு மிஸ் இன்னும் மோசமாகும், மீட்டர் இன்னும் லீன்னு சொல்லும், இன்னும் கூட்டுவாங்க. அதுக்காக லீன் காட்டுறத அலட்சியம் பண்ணவும் கூடாது, பூஸ்ட்ல நெசமாவே லீன்னா பிஸ்டன் போயிரும். கால எடுத்துட்டு பெற்றோல் பிரஷர் கேஜ் மாட்டி பாருங்க, பல வண்டில அடிப்படை 3 பார் கிட்ட இருக்கும், பூஸ்ட் 1 பார் ஏறினா இதுவும் 1 பார் ஏறணும். ஏறாம விழுந்தா பம்ப், ஃபில்டர், பம்புக்கு போற வோல்டேஜ். பிரஷர் பூஸ்ட்டோட சரியா ஏறி நின்னு மீட்டர் மட்டும் லீன்னு குத்திக் குத்தி காட்டினா தீப்பொறி பக்கம் திரும்புங்க.

பூஸ்ட் லீக் தேடுறதுக்கு டர்போ வாய அடைச்சு டயர் கடை கம்ப்ரசர்ல 15 பிஎஸ்ஐ வரைக்கும் காத்து விட்டு சோப்பு தண்ணி அடிங்க, குமிழி வர்ற இடத்த பிடிங்க. ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்க வண்டில அளந்த காத்து வழியில வெளிய போயிட்டா பெற்றோல் மட்டும் கூடிப்போய் கறுப்பு புகையோட வெட்டும், ப்ளோஓஃப் வால்வ (கால எடுத்தா மிச்ச பூஸ்ட்ட விடுற வால்வ்) வெளிய ஊத விட்டாலும் கியர் மாத்துறப்போ இதே கதைதான்.

இதெல்லாம் சரின்னா கம்ப்ரஷன் (சிலிண்டர் காத்த அமுக்குற அழுத்தம்) பாருங்க. எல்லா பிளக்கையும் கழட்டி, பெற்றோலையும் இக்னிஷனையும் துண்டிச்சு, த்ரொட்டில முழுசா தெறந்து சுத்துங்க. கொழும்புல 170 பிஎஸ்ஐ காட்டுற எஞ்சின் 1868 மீட்டர் உயரத்துல இருக்க நுவரெலியால 136 கிட்டதான் காட்டும், காத்தழுத்தமே இங்க அஞ்சுல ஒரு பங்கு கொறைவு. இது தெரியாம புத்தகத்துல இருக்க நம்பர வச்சு நல்ல எஞ்சின பிரிச்சுடாதீங்க. ஐட்ல் வெக்குமும் அப்படித்தான், கீழ 19 இஞ்சி காட்டினது இங்க 13 காட்டும். பாக்க வேண்டியது சிலிண்டருக்கு சிலிண்டர் இருக்க வித்தியாசத்த, ஒண்ணு மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருந்தா லீக்டவுன் (சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சு பாக்குற டெஸ்ட்) போட்டு காது குடுத்து கேளுங்க, ஒயில் மூடில சத்தம் வந்தா ரிங், இன்டேக்ல வந்தா இன்டேக் வால்வ், சைலன்சர்ல வந்தா எக்ஸோஸ்ட் வால்வ், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கட்.

எல்லா சிலிண்டரும் சமமா இருந்தும் வெட்டுதுன்னா டைமிங் பெல்ட் ஒரு பல்லு தாவியிருக்கான்னு பாருங்க, ஸ்டேண்ட்அலோன் ஈசியு (கம்பனி ஈசியுக்கு பதிலா போடுறது)ன்னா லொக்ல ஆர்பிஎம் கோடு திடீர்னு விழுந்து எழும்புதான்னு பாருங்க, அப்படின்னா கிராங்க் சென்சர் வயர், அது காயில் வயர் பக்கத்துல ஓடுதான்னும் பாருங்க. சரி பண்ணினதும் கோட அழிச்சுட்டு, ரோட்டுல வண்டி இல்லாத நேரமா பாத்து அதே ஏத்தத்துல அதே கியர்ல அதே பூஸ்ட்ல ஏத்தி பாருங்க, தட்டையான ரோட்டுல நல்லா போகுதுன்னு சாவிய குடுத்துடாதீங்க, அங்க எஞ்சினுக்கு அந்த பாரம் வராது.