ஜம்பர் கேபிள் மாட்டும்போது இடது, வலதை நம்பாதீர்கள்

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, ரங்கூன் அனோரதா சாலைக் காளி கோயிலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, விளக்கை அணைக்காமலே உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நண்பர் தன் காரை ஒட்டி நிறுத்தினார். அவர் பேட்டரியிலிருந்து என் பேட்டரிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஜம்பர் கேபிளை மாட்டியது நான். என் காரில் பிளஸ் முனை இடப்பக்கம் இருக்கும். அவருடையதிலும் அப்படித்தான் என்று கை தானாகவே போயிற்று. கடைசிக் கிளிப் பட்டதும் பளீரென்று பொறி, கூடவே கருகல் வாடை. அதன் பிறகு என் காரில் உள்விளக்குகூட எரியவில்லை.

நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். அவற்றின் பேட்டரியில் 46பி24எல், 46பி24ஆர் என்பதுபோல எழுதியிருக்கும். அளவும் உருவமும் ஒன்றுதான். எல், ஆர் என்ற கடைசி எழுத்தில் மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிடும். ஆகவே பக்கத்தைப் பார்க்காதீர்கள், குறியைப் பாருங்கள். குறி அழிந்திருந்தால், பருமனான முனைதான் பிளஸ்: இந்தச் சிறிய வகையில் பிளஸ் ஏறக்குறைய 14.7 மி.மீ., மைனஸ் 13 மி.மீ. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் சிவப்பு, கறுப்பு ஊசிகளை மாற்றித் தொட்டால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மின்வெட்டில் பேட்டரியைக் கழற்றி வீட்டு விளக்குக்குக் கொடுத்து, திரும்ப மாட்டும்போது கைக்குக் கிடைத்த கறுப்பு ஒயரை பிளஸ்ஸில் முடுக்கிய கார்களை நானே பார்த்திருக்கிறேன்.

மாற்றி மாட்டினால் என்ன ஆகிறது? சரியாக மாட்டும்போது நல்ல பேட்டரியின் 12.6 வோல்ட்டுக்கும் தளர்ந்ததன் 11 வோல்ட்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மாற்றினால் இரண்டும் கூடி 23 வோல்ட்டுக்கு மேல் போகும்; எதிரே தடுக்க இருப்பது கேபிளும் பேட்டரியின் உள்தடையும் மட்டுமே. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். என்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள். துருவம் தலைகீழானால் அடைத்து நிற்க வேண்டிய அந்தக் கதவுகளே திறந்து வழிவிடும், விட்டுக் கருகும். அதற்கு முன்னால் மெயின் ஃபியூஸ் உருகிவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம். என்ஜின் கணினிப் பெட்டியும் ரேடியோவும் தப்புமா என்பது அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடும்.

வரிசை இதுதான்: சிவப்பு முதலில் தளர்ந்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்லதன் பிளஸ்ஸில், கறுப்பு நல்லதன் மைனஸில், மிச்சமுள்ள கறுப்புக் கிளிப், நின்றுபோன காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசித் தொடுதலில் பொறி வரும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், அதனால்தான் தள்ளி. கழற்றுவது தலைகீழ் வரிசையில். ஒரு முனை பேட்டரியில் இருக்கும்போது மறுமுனைக் கிளிப்புகள் ஒன்றையொன்று தொடவே கூடாது.

லாரிக்காரர் உதவ வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பெரிய லாரிகள் 24 வோல்ட். வீட்டு ஒயரில் செய்த கேபிளும் வேண்டாம்; சூடேறி உருகும், ஸ்டார்ட்டும் ஆகாது.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறொரு பழக்கத்தின் மீது. ஸ்டார்ட் ஆனதும் 'ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஓடும் என்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றுவார்கள். காரில் கணினிப் பெட்டி இல்லாத கார்பரேட்டர் காலத்துச் சோதனை அது. பேட்டரி இல்லாதபோது ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென்று பல மடங்கு எகிறி, கணினிப் பெட்டியைக் கொன்றுவிடும்.

மாற்றி மாட்டிவிட்டீர்கள் என்றால் உடனே கழற்றுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உருகிய மெயின் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றித் தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். புது ஃபியூஸ் போட்டு ஓடத் தொடங்கியதும் பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். என் காரில் 12.1 காட்டியது, கண்முன்னே இறங்கிக்கொண்டும் இருந்தது. மெக்கானிக் ஆல்டர்னேட்டரைக் கழற்றி என் மூக்கருகே நீட்டினார். கோயில் வாசலில் வந்த அதே வாடை.