எல்லாத்தையும் வாங்கி வச்சா ரீயூஸ் சென்டர் குடோன் ஆயிடும்

பழைய பொருளை வச்சு ஆர்ட் பண்றது, குப்பைக்குப் போறதைத் தடுக்குறதுன்னு நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன அமைப்பு ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே குழியில தான் விழறாங்க, நாங்களும் விழுந்தோம். யார் எதைக் கொண்டு வந்தாலும் "ஆஹா குடுங்க குடுங்க"ன்னு வாங்கி வச்சுக்கிட்டோம்.

ஒரு பெட்டி இன்னும் ஞாபகம் இருக்கு. மேல நல்ல துணி வெட்டுத்துண்டு ரெண்டு, பாத்ததும் ஆசையா இருந்துச்சு. கீழ காய்ஞ்சு போன ஸ்கெட்ச் பேனா, மூடி இல்லாத ஜாடி, ஜாடி இல்லாத மூடி (ஒண்ணுக்கொண்ணு சேரல, போட்டுப் பாத்தாச்சு), அடியில ஈரம் பட்டு கட்டி ஆகிப்போன மேகசின். குடுத்துட்டுப் போனவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி, தன் கையால குப்பையில போட அவருக்கு மனசு வரல, அந்த வேலையை நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டாரு, அவ்வளவு தான். அதைப் பிரிச்சு அடுக்க ரெண்டு வாலண்டியருக்கு ஒரு மதியம் போச்சு.

தப்பு என்னன்னா, பொருள் வந்தப்புறம் இதுல என்ன பண்ணலாம்னு யோசிக்கிறது. தேவை முதல்ல வரணும். நியூயார்க்ல 1978-ல ஆரம்பிச்ச, வேண்டாத பொருளை வாங்கி ஆர்ட்டுக்குக் குடுக்குற மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்ங்குற அமைப்போட கதையே அது தான். அங்க சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலைக்கு மருந்து வைக்க ஒரு ஃப்ரிட்ஜ் தேவைப்பட்டுச்சு, ஏஞ்சலா ஃப்ரீமான்ட்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் ரேடியோ நிகழ்ச்சி மூலமா கேட்டாங்க, தரோம்னு நிறைய பேர் வந்துட்டாங்க. அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி 1976-ல சான் ஃபிரான்சிஸ்கோல ஸ்க்ராப்னு இதே மாதிரி ஒரு அமைப்பு வந்துச்சு, சிற்பி ரூத் அசாவா ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தங்க, அதுவும் ஸ்கூல் பசங்களுக்கு ஆர்ட் சாமான் வேணும்ங்குற தேவையில இருந்து வந்தது தான்.

அதனால "உபயோகமான பொருட்கள் வரவேற்கப்படும்"னு போர்டு எழுதாதீங்க. எல்லாருக்கும் அவங்கவங்க வீட்டுப் பொருள் உபயோகமானது தான். துவைச்ச துணி, உள்ளங்கைக்குப் பெருசா இருக்கணும், நூல் கண்டு காலியானது, ஒரே சைஸ்ல இருக்குற மூடி, இப்படி எழுதுங்க. அந்த "ஒரே சைஸ்" ரொம்ப முக்கியம், ஏன்னா முப்பது பசங்க உக்காந்திருக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு முப்பது வேற வேற டப்பாவை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வீடுங்களை விட பிரிண்டிங் பிரஸ், டெய்லர் யூனிட், இன்டீரியர் ஆஃபீஸ் மாதிரி இடத்துல தான் ஒரே மாதிரி மிச்சம் மொத்தமா கிடைக்கும், பேப்பர் ஓரம், துணி சாம்பிள் புக், லேமினேட் துண்டு எல்லாம் சும்மா கிடக்கும். ஆனா நேர்ல கொண்டு வர சொல்லாதீங்க, முதல்ல ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்க. பெட்டியோட வாசல்ல நிக்குறவங்ககிட்ட வேணாம்னு சொல்ற தைரியம் யாருக்கும் வராது, எனக்கு இன்னும் வரல.

அடுத்தது பாதுகாப்பு, இதுல விளையாடவே கூடாது. சரக்கு அடுக்கி அனுப்புற பேலட் கட்டை அழகா இருக்குன்னு எடுக்குறோம்ல, அதுல அடிச்சிருக்கிற முத்திரையைப் பாருங்க. எச்.டி. (HT)ன்னு இருந்தா பூச்சி சாக சூடு காட்டினது, கட்டையோட உள்பக்கம் 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம். எம்.பி. (MB)ன்னு இருந்தா மெத்தில் புரோமைட்ங்குற விஷப் புகை போட்டது, விட்டுடுங்க. எச்.டி.யா இருந்தாலும் எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாடை இருந்தா வேணாம். பழைய கதவு ஜன்னல் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அமெரிக்காவுலயே வீட்டு பெயிண்ட்ல அதுக்குத் தடை வந்தது 1978-ல தான். அதைப் பசங்க கையில உப்புத்தாளோட குடுத்தா அந்தத் தூசி நேரா உள்ள போகும். பிவிசி பைப்பை நெருப்புல காட்டி வளைக்கிறது இன்னொண்ணு, கருகினா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். பழைய டப்பா டிவியோட பிக்சர் டியூப் கண்ணாடியிலயும் ஈயம் இருக்கு, உடைச்சு மொசைக் போடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா அன்பா மறுத்துடுங்க.

இப்ப நாங்க அசிங்கப்பட்ட கதை. பாட்டில் மூடி வச்சு ஒரு சுவர் முழுக்க மீன் டிசைன் பண்ணோம், வெள்ளைப் பசை போட்டு ஒட்டினது. ரெண்டு வாரத்துல மீனுக்கு செதில் உதிர்ற மாதிரி தினம் கொஞ்சம் கொஞ்சமா தரையில கிடந்துச்சு. மூடி எல்லாம் பாலிஎத்திலீன் இல்லன்னா பாலிப்ரொப்பிலீன்ங்குற பிளாஸ்டிக், அதுல அந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது, அது மரத்துக்கும் பேப்பருக்கும் தான். அப்புறம் ஒவ்வொரு மூடிக்கும் நடுவுல ஓட்டை போட்டு பலகையில திருகாணி வச்சு முடுக்கினோம், இன்னைக்கு வரைக்கும் நிக்குது.

அதுல இன்னொரு லாபமும் இருக்கு, வேணாம்னா கழட்டிடலாம். நிறைய பேர் கவனிக்காத தப்பு இது, சும்மா விட்டிருந்தா ரீசைக்கிள் ஆகியிருக்கக்கூடிய பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை எடுத்து ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சு கிளிட்டர் தூவி க்ளூ கன்ல நாலு பொருளை ஒட்டி வெயில்ல வைப்பாங்க. கொஞ்ச நாள்ல வெயில் பட்டு நொறுங்கும், அதுக்கப்புறம் அதை எவனும் எடுக்க மாட்டான், நேரா குப்பை மேடு தான். கிளிட்டரும் பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள் தான், அதையும் புதுசா காசு குடுத்து வாங்கி இருப்பாங்க. இவ்வளவு ஒட்டணும்னு அவசியமே இல்ல, ஓவியர் பிகாசோ 1942-ல ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து காளைத் தலை பண்ணாரு, ரெண்டே ரெண்டு பொருள், பாத்ததும் காளைன்னும் தெரியும் சைக்கிள்னும் தெரியும். தையல், கம்பி, நட்டு போல்ட்டுல முடிஞ்சா பசையைத் தொடாதீங்க.

கடைசியா கணக்கு. "இத்தனை கிலோ சேகரிச்சோம்"னு ரிப்போர்ட்ல பெருமையா போடுவோம், நாங்களும் போட்டோம். உள்ள வந்த கிலோவுக்கு ஒரு மதிப்பும் இல்ல, அது நம்ம ரூம்ல தூங்குது. வெளிய போனது எவ்வளவு, யார் எடுத்தா, என்ன பண்ணாங்கன்னு தனி நோட்டுல எழுதுங்க. ஆறு மாசமா யாரும் தொடாத பெட்டி மேல தேதி போட்டு ஒட்டுங்க, அந்த வகையை வாங்குற லிஸ்ட்ல இருந்து அன்னைக்கே அடிச்சிடுங்க. எங்க லிஸ்ட்ல முதல்ல அடிபட்டது ஜாடி இல்லாத மூடி.